110 கிராம் புராஸ்டேட்: ரோபோ ஆபரேஷன் தேவையா?

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. திடீரென்று சிறுநீர் அடைத்துக்கொண்டதால் டியூப் போட்டார்கள். எடுத்தால் மறுபடி அடைக்கிறது. ஸ்கேனில் புராஸ்டேட் (சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) 110 கிராம். ரோபோ மூலம் ஆபரேஷன் செய்யலாம் என்கிறார் டாக்டர். பக்கத்து வீட்டு மாமாவுக்குச் சிறுநீர்ப் பாதை வழியாகவே சுரண்டி எடுத்துவிட்டார்கள். "மிஷின் கையில் என்னை விடாதே" என்கிறார் அப்பா. என்ன செய்வது?
- வாசகர், தென்காசி

பதில்: அப்பாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். ரோபோ தானாக எதையும் வெட்டாது. சர்ஜன் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, பெரிதாகத் தெரியும் முப்பரிமாணப் படத்தைப் பார்த்தபடி விரல்களை அசைப்பார், வயிற்றுக்குள் இருக்கும் கருவி அதன்படி அசையும். அவர் முகத்தை விலக்கினாலே டா வின்சி போன்ற ரோபோ கருவிகள் அப்படியே நின்றுவிடும்.

மாமாவுக்குச் செய்த சுரண்டும் முறைக்கு டர்ப் என்று பெயர். சாதாரணமாகச் சுமார் 20 கிராம் இருக்கும் புராஸ்டேட், 80 கிராம் வரை வீங்கியிருந்தால் அது நல்ல முறைதான். அதற்கு மேல் போனால் சுரண்ட நேரம் பிடிக்கும், ரத்தப்போக்கும் கூடும், அதனால்தான் முன்பெல்லாம் அடிவயிற்றைத் திறந்து செய்தார்கள். அதே ஆபரேஷனை ஐந்தாறு சின்னத் துளைகள் வழியாகச் செய்வதுதான் ரோபோ முறை. ஆரஞ்சின் தோலை விட்டுவிட்டுச் சுளையை மட்டும் எடுப்பது போல, வளர்ந்த சதை மட்டும் வெளியே வரும். திறந்து செய்வதைவிட ரத்த இழப்பு குறைவு, சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடலாம்.

ஆனால் இவ்வளவு பெரிய புராஸ்டேட்டுக்கும் வயிற்றில் துளையே போடாமல் செய்யும் ஹோலெப் என்ற லேசர் முறை இருக்கிறது. நானாக இருந்தால் டாக்டரிடம் நேரடியாகக் கேட்பேன்: "ஹோலெப் ஏன் வேண்டாம், நீங்கள் ரோபோ முறையில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?" சிறுநீர்ப்பையில் பெரிய கல்லோ, அதன் சுவரிலிருந்து புடைத்த பக்கப் பையோ இருந்தால் ரோபோவில் ஒரே தடவையில் சரிசெய்துவிடலாம், அப்போது அவர் சொல்வது நியாயம். மற்றபடி மிஷினைவிட அனுபவமுள்ள கைதான் எனக்கு முக்கியம். செலவும் ரோபோவில் அதிகம், பல காப்பீட்டுப் பாலிசிகளில் இதற்குத் தனி உச்சவரம்பு உண்டு, முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், கூச்சத்தில் யாரும் கேட்காத விஷயம். இங்கே சொன்னவற்றில் எந்த முறையில் செய்தாலும் பெரும்பாலும் விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் அப்பாவுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். புராஸ்டேட்டின் வெளிப்பகுதி உள்ளேயே இருப்பதால் பிறகு புற்றுநோய் வர வாய்ப்பு உண்டு, அதனால் பிஎஸ்ஏ என்ற ரத்தப் பரிசோதனை தேவையா என்று டாக்டரிடம் கேட்காமல் விட்டுவிடாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், நீங்களாக நிறுத்தாமல் இதய டாக்டரிடம் கேளுங்கள்.

ஆபரேஷன் வரை டியூபோடு இருப்பார் இல்லையா, அந்த நாட்களில் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.