மேப்பிள் பாகு காய்ச்சும் கொட்டகையை நீராவி தங்காமலும், மற்ற மாதங்களில் பயன்படும்படியும் எப்படிக் கட்டுவது?

கனடாவின் ஒன்டாரியோவில், மரங்களில் சாறு வடிக்க 300 துளைகள் போடக்கூடிய மேப்பிள் தோப்பு ஒன்றுக்காக 16 அடிக்கு 24 அடியில் ஒரு கொட்டகை கட்டவிருப்பதாகவும், காய்ச்சும் பருவம் முடிந்த பின் அதைப் பட்டறையாகவும் நண்பர்கள் வந்து உட்காரும் இடமாகவும் வைத்துக்கொள்ள முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஏறக்குறைய இதே அளவுக் கொட்டகையை அதே ஒன்டாரியோவின் லானார்க் மாவட்டத்தில் பக்கத்துப் பண்ணைக்காரருடன் கூட்டாகக் கட்டி ஒன்பது பருவங்களாகப் பாகு காய்ச்சி வருகிறேன். முதல் நான்கு பருவங்கள் தவறாகக் கட்டிய கட்டடத்தில் காய்ச்சினோம். பிறகுதான் உடைத்துத் திருத்தினோம். உங்கள் இரண்டு தேவைகளும் நிறைவேறும், ஆனால் ஒரே அறையில் அல்ல. கொட்டகையை நடுவில் ஒரு சுவர் வைத்து இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.

காரணத்தைக் கணக்கிலிருந்தே தொடங்கலாம். மேப்பிள் மரத்தில் வடியும் சாற்றைக் காய்ச்சிச் சுண்டவைத்தால்தான் பாகு; அந்தச் சாற்றில் சர்க்கரை சுமார் 2 சதவீதம்தான். ஒரு லிட்டர் பாகுக்கு ஏறத்தாழ 40 லிட்டர் சாறு வேண்டும். துளைக்கு 40 லிட்டர் சாறு என்று வைத்துக்கொண்டால், 300 துளைகளிலிருந்து 12,000 லிட்டர் வரும்; அதில் 300 லிட்டர் போக மீதி முழுவதும் உங்கள் கூரை வழியாகத்தான் வெளியேறியாக வேண்டும். சாறு கொதிக்கும் தட்டம் 2 அடிக்கு 6 அடி உள்ள விறகடுப்பு மணிக்கு ஏறக்குறைய 100 லிட்டர் நீரை ஆவியாக்கும். ஒரு லிட்டர் நீர் ஆவியானால் 1,700 லிட்டர் இடத்தை அடைக்கும் என்பதால், உங்கள் கொட்டகையின் மொத்தக் கொள்ளளவைப் போல ஒன்றரை மடங்கு நீராவி ஒவ்வொரு மணி நேரமும் கிளம்பும். பனங்காட்டில் பதநீர் காய்ச்சும் ஓலைக் குடிசை நாற்புறமும் காற்றாடக் கிடப்பதால் அங்கே இந்தக் கவலையே எழுவதில்லை. இங்கே மார்ச் மாதக் குளிரில் நான்கு சுவர்களுக்குள் காய்ச்ச வேண்டியிருக்கிறது.

நீராவி வெளியேறுவதற்கு மேலே வழிவிட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிகிறது. அது மேலே போவதற்குக் கீழே காற்று நுழைய வேண்டும் என்பதைத்தான் நாங்கள் மறந்தோம். அடுப்பு தனக்கு வேண்டிய காற்றை இழுக்கிறது, எழும் நீராவியும் தன் பின்னால் காற்றை இழுக்கிறது. கீழே வழியில்லாவிட்டால் குளிர்காற்று முகட்டுத் திறப்பு வழியாகவே உள்ளே இறங்கும். நீராவி வெண்பனியாகத் திரண்டு தோளளவுக்குத் தாழ்ந்து நிற்கும். முதல் பருவத்தில் பாகு பதமாகிவிட்டதா என்று அறிய, அது அகப்பையிலிருந்து சொட்டுகிறதா, தாள் போல ஒட்டி விழுகிறதா என்று பார்க்க அகப்பையை வாசலுக்குத்தான் எடுத்துப் போனேன். உள்ளே என் கையே எனக்குத் தெரியவில்லை. இப்போது எதிரெதிர்ச் சுவர்களில் தரையை ஒட்டி 1 அடிக்கு 2 அடியில் இரண்டு திறப்புகள், அவற்றுக்குக் கம்பிவலையும் தள்ளுபலகையும் இருக்கின்றன. அடுப்பு வாய்க்கு அருகே வெளியிலிருந்து தரைக்கடியில் 8 அங்குல இரும்புக் குழாய் ஒன்றும் வருகிறது. மின்விசிறி வைத்து நீராவியை உறிஞ்சலாமே என்று சிலர் சொல்வார்கள். விறகடுப்பு எரியும் அறையில் அது ஆபத்து. விசிறி இழுக்கும் வேகத்தில் புகைக்குழாயின் புகை திரும்பி அறைக்குள் வரும், அதோடு கார்பன் மோனாக்சைடும் வரும். விசிறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வாயுவை உணர்ந்து ஒலிக்கும் கருவி ஒன்றை மாட்டிவிடுங்கள்.

மேலே முகட்டுக் கூண்டு வேண்டும். இங்குள்ளவர்கள் அதைக் கியூப்போலா என்பார்கள். கூரையில் விடும் திறப்பு தட்டத்தின் நீளமும் அகலமும் அளவுக்காவது இருக்க வேண்டும், நேராகத் தட்டத்துக்கு மேலேயே இருக்க வேண்டும். ஆகவே கொட்டகையை வரைவதற்கு முன் அடுப்பு நிற்கும் இடத்தை வரையுங்கள், முகடு அதன் நீளவாக்கில் ஓடட்டும். கூண்டின் இரு பக்கக் கதவுகளுக்கும் கீல் அடியில் இருந்தால், கயிற்றைத் தளர்த்தியதும் அவை தம் எடையாலேயே வெளிப்புறம் சாயும், இழுத்தால் மூடும். காற்று வீசும் பக்கத்துக் கதவை மூடி எதிர்ப்பக்கத்தை மட்டும் திறப்பது வழக்கம். எனவே இரண்டுக்கும் தனித்தனிக் கயிறு வையுங்கள். நாங்கள் பருத்திக் கயிறு போட்டோம். நீராவியில் நனைந்து, இரவில் கப்பியோடு சேர்ந்து உறைந்துபோனது. காலையில் பண்ணைக்காரர் கூரைமேல் ஏணி சாத்தி, கெட்டிலில் வெந்நீர் ஊற்றி அதை விடுவித்தார். அன்று மாலையே மெல்லிய சங்கிலிக்கு மாறினோம்.

தகரக் கூரையின் அடியில் நீராவி குளிர்ந்து சொட்டும், அந்தச் சொட்டு பாகில் விழும். கைமரங்களின் மேல் பலகை அடித்து அதற்கு மேல் தகரம் போட்டால் இது வெகுவாகக் குறையும். இதைவிட நல்ல வழி, தட்டத்துக்கு மேல் துருப்பிடிக்காத எஃகு மூடாக்கு ஒன்றை மாட்டி, நீராவியைத் தனிக் குழாயில் கூரைக்கு வெளியே அனுப்புவது. மூடாக்கின் விளிம்பைச் சுற்றி ஓடும் சிறு வாய்க்கால், குழாயில் வழிந்து வரும் நீரைப் பிடித்து வாளிக்கு அனுப்பும். அந்த வெந்நீர் பாத்திரம் கழுவ உதவும். சாற்றிலுள்ள நீரை மெல்லிய சவ்வின் வழியே பிரித்தெடுக்கும் சவ்வூடு வடிகட்டும் இயந்திரம் வாங்கிச் சாற்றை முதலிலேயே 8 சதவீதச் சர்க்கரைக்குக் கொண்டுவந்தால், முக்கால் பங்கு நீர் காய்ச்சாமலேயே போய்விடும். ஆனால் அதை நம்பித் திறப்புகளைச் சிறிதாக்க வேண்டாம். இயந்திரம் நின்றுபோகும் நாளில்தான் சாறு பெருகி வரும் என்பது என் அனுபவம்.

இனி மற்ற மாதங்கள். குளிர்காலத்திலும் உட்காரலாம் என்ற ஆசையில் நாங்கள் கொட்டகை முழுவதற்கும் கண்ணாடிப் பஞ்சு அடைத்து, பிளாஸ்டிக் விரித்து, பிளைவுட் அடித்தோம். மூன்றாம் ஆண்டு ஒரு பலகையைப் பெயர்த்தபோது பின்புறம் கரியைப் பூசியது போலப் பூஞ்சணம் படர்ந்திருந்தது, பஞ்சு நனைந்த போர்வையாகத் தொங்கியது. ஆவியில் குளிக்கும் சுவர் நனைந்தபின் உலர வேண்டும், உலரக் காற்று வேண்டும். எனவே 24 அடியில் 14 அடியைக் காய்ச்சும் பகுதியாக ஒதுக்கி, வெப்பக் காப்பே இல்லாமல் வெறும் பலகைச் சுவரோடு விட்டுவிடுங்கள். மீதி 10 அடியை நன்றாக அடைத்துக் காப்பிட்டு, இடைச்சுவரில் இறுக்கமாக மூடும் கதவு வையுங்கள். பாகு வடிகட்டுவது, போத்தலில் அடைப்பது, உறையக்கூடாத வடிகட்டும் இயந்திரம், மின்பலகை எல்லாம் அந்த உலர்ந்த அறைக்கே உரியவை. நண்பர்கள் உட்காருவதும் உங்கள் பட்டறை மேசையும் அங்கேதான். ஆனால் இரவு தங்கும் எண்ணம் இருந்தால், நகராட்சியிடமும் காப்பீட்டாளரிடமும் முதலில் கேட்டுவிடுங்கள். அது வேறு வகைக் கட்டடமாகிவிடும்.

காய்ச்சும் பகுதியில் ஆண்டு முழுவதும் வைக்கத் தகுந்தது விறகுதான். ஏறத்தாழ 95 லிட்டர் பாகுக்கு 4 அடி அகலம், 4 அடி உயரம், 8 அடி நீளமுள்ள விறகு அடுக்கு ஒன்று தேவைப்படும். உங்களுக்கு மூன்றுக்குக் குறையாது. பெட்ரோல், ரம்பத்துக்கான எண்ணெய், பெயின்ட், பூச்சிமருந்து எதுவும் அந்தக் கூரையின் கீழ் இருக்கக் கூடாது. காற்றோட்டம் நன்றாக இருக்கிறதே என்று நான் ஒரு ஜூலையில் பூண்டுக் கொத்துகளைக் கைமரத்தில் கட்டி உலர்த்தினேன். அருகிலேயே பாகு வடிக்கும் கம்பளித் துணிகள் தொங்கிக்கொண்டிருந்தன. அடுத்த மார்ச்சின் முதல் பாகை என் மனைவி சுவைத்துப் பார்த்து, இதை ரசத்தில் ஊற்றலாம் என்றாள்.

தரை சாய்வான காங்கிரீட்டாகவும் நடுவில் வடிகாலோடும் இருக்கட்டும். அடித்தளம் உறைபனி இறங்கும் ஆழத்துக்குக் கீழே, குறைந்தது 4 அடி போக வேண்டும்.

ஏப்ரலில் கடைசிக் கொதி இறங்கியதும், சுவரிலும் தரையிலும் படிந்த இனிப்பை வெறும் வெந்நீரால் கழுவி, எல்லாக் கதவுகளையும் இரண்டு வாரம் திறந்து வைக்கிறோம். இல்லாவிட்டால் எறும்பும் குளவியும் குடியேறிவிடும். தட்டங்களைக் கழற்றிக் கழுவி உலர்ந்த அறையில் கவிழ்த்துவிட்டு, அடுப்பின் மேல் கனத்த பலகை போடுகிறோம். அது கோடை முழுவதும் மேசையாகிறது. புகைக்குழாயின் வாயில் அணிலும் பறவையும் இறங்காமல் ஒரு வாளியைக் கவிழ்த்துக் கட்டுகிறோம். ஒரு பிப்ரவரியில் அந்த வாளி மேலே இருப்பதை மறந்து அடுப்பை மூட்டிவிட்டேன். அதன்பின் வாளி மேலே ஏறும் நாளிலேயே அடுப்பின் கதவுப் பிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுகிறோம்.