குமிழின் நகர்வும் இலையின் இழப்பும்: நீராவிப்போக்குச் சோதனை கேள்வி–பதில்

கேள்வி: போட்டோமீட்டரில் (potometer: கிளை உறிஞ்சும் நீரைக் குழாயில் நகரும் குமிழால் அளக்கும் கருவி) காற்றுக்குமிழ் அசையவே இல்லை. செடியில் கோளாறா?

பதில்: கிளையை எங்கே வைத்து வெட்டினீர்கள் என்பதை எழுதாமல் செடியைக் குறை சொல்கிறீர்கள். காற்றில் வெட்டினால், தண்டில் நீரை மேலேற்றும் சைலக் குழாய்களுக்குள் காற்று புகுந்து நீர்த்தொடர் அறுந்துவிடும். தண்ணீருக்குள்ளேயே சாய்வாக வெட்டி, தண்ணீருக்குள்ளேயே பொருத்தி, தக்கையைச் சுற்றி வாசலின் பூசுங்கள். இலைகள் நனையக் கூடாது.

கேள்வி: இலை விடும் ஈரத்தைக் காட்டும் கோபால்ட் குளோரைடு தாள் இலையைத் தொடும் முன்பே சிவந்துவிடுகிறது.

பதில்: விரலின் ஈரமே அதற்குப் போதும். நன்கு உலர்த்தி, நீலமாக இருக்கும்போதே இடுக்கியால் எடுத்து வையுங்கள்; அது நச்சுப்பொருள் என்பதாலும் கை படக் கூடாது.

கேள்வி: 1 மி.மீ. உள்விட்டமுள்ள குழாயில் குமிழ் 10 நிமிடத்தில் 4 செ.மீ. நகர்ந்தது. நீராவிப்போக்கு (இலை ஆவியாக இழக்கும் நீர்) எவ்வளவு?

பதில்: குழாயில் 1 செ.மீ. நீளத்துக்கு ஏறக்குறைய 8 கன மி.மீ. நீர் என்று கொண்டால், மணிக்குச் சுமார் 0.2 மி.லி. வரும். ஆனால் அது கிளை உறிஞ்சிய நீரின் அளவே தவிர, இலை இழந்த நீரின் அளவன்று. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் செய்முறைப் பதிவேடுகளில் 'நீராவிப்போக்கு வீதம்' என்று தலைப்பிட்டு அட்டவணை போடும் வழக்கம் எப்போதுதான் ஒழியுமோ தெரியவில்லை. வாடிய கிளையைப் பொருத்தினால், அதன் செல்கள் முதலில் நீரை நிரப்பிக்கொள்ளும். குமிழ் விரைந்து ஓடும், இழப்போ சொற்பமாக இருக்கும். கடும் வெயிலில் நிலைமை தலைகீழாகி, உறிஞ்சுவதைவிட இழப்பது மிகுந்துவிடும். இழப்பை அறிய எடை போடுவதே நேர்வழி. இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆய்வாளர் 1724-இல் சூரியகாந்தித் தொட்டியின் வாயை ஈயத்தகட்டால் மூடி, காலையும் மாலையும் எடை பார்த்து, 12 மணி நேரப் பகலில் சராசரியாக அரைக் கிலோவுக்குச் சற்று மேல் இழப்பதாகக் கண்டார். உங்களுக்கு அவ்வளவு பெரிய தராசு வேண்டியதில்லை: குடுவைத் தண்ணீரில் கிளையை நிறுத்தி, நீர்மட்டத்தின் மேல் எண்ணெய் ஊற்றி, 0.01 கிராம் காட்டும் தராசில் வையுங்கள். இலைப்பரப்பு, வெளிச்சம், காற்று எதையுமே குறிப்பிடாத நீங்கள், அந்த எண்ணை வேறு எந்தச் செடியோடும் ஒப்பிட முடியாது.

கேள்வி: அரளிக் கிளையில் அளவு மிகக் குறைவாக வருகிறதே?

பதில்: வியப்பில்லை. நீராவி வெளியேறும் அதன் இலைத்துளைகள் அடிப்பரப்பில், மயிர்கள் அடர்ந்த குழிகளுக்குள் ஒடுங்கியுள்ளன. அரளிப்பால் நச்சு, கையைக் கழுவிவிட்டு, செம்பருத்திக்கு மாறுங்கள். அதையும் தண்ணீருக்குள்ளேதான் வெட்ட வேண்டும்.

கேள்வி: எடை பார்க்கும் தொட்டிச்செடி இரவிலும் நிறைய எடை இழக்கிறது. இலைத்துளைகள் மூடுவதில்லையா?

பதில்: மூடுகின்றன, நீங்கள்தான் தொட்டியை மூடவில்லை. மண்ணும், சுட்ட மண்தொட்டியின் பக்கச்சுவரும் இரவு முழுவதும் நீரை ஆவியாக்கும். தொட்டி முழுவதையும் பாலித்தீன் பைக்குள் வைத்து, வாயைத் தண்டோடு சேர்த்துக் கட்டிவிட்டு மறுபடி எடை பாருங்கள்.