நமக்கு மட்டும் ஒரு காரணம்

வணக்கம்.

இன்னொரு சமூகத்தின் வழக்கத்தைப் பார்த்தவுடனே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள் என்று போன வாரம் எழுதியிருந்தீர்கள். எனக்கு இரண்டு சந்தேகம். 'அது அவர்கள் பண்பாடு' என்று சொல்லிவிட்டால் எந்தக் கொடுமையையும் கேள்வி கேட்க முடியாமல் போய்விடாதா? இரண்டாவது என் சொந்தப் பிரச்சினை. எங்கள் சமூகத்தைப் பற்றி வீட்டில் நான் பேசாத குறை இல்லை. ஆனால் அதில் ஒன்றை அலுவலகத்தில் வெளியாள் ஒருவர் சொன்னபோது அப்படி ஒரு கோபம் வந்தது, அவர்கள் பக்கத்துக் குறைகளையெல்லாம் அடுக்கித் தள்ளிவிட்டேன். அவர் சொன்னது உண்மை என்று எனக்கே தெரியும். பிறகு ஏன் அப்படிச் செய்தேன்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டாவது கேள்வியிலிருந்தே வருகிறேன், விஷயம் அதில்தான் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு மருத்துவமனையில் டோக்கனுக்காக வரிசையில் நின்றிருந்தேன். வேற்றுமொழிக்காரர் ஒருவர் பக்கவாட்டில் வந்து நேராகக் கவுன்டருக்குள் கையை நீட்டினார். 'இவங்களே இப்படித்தான்' என்று நினைத்தேன். யோசித்து நினைத்தது இல்லை, அந்த வாக்கியம் ஏற்கெனவே எனக்குள் தயாராக இருந்திருக்கிறது. கொஞ்ச நேரத்தில் என் மொழி பேசும் ஒருவர் அதே மாதிரி வந்து கையை நீட்டினார். 'பாவம், உள்ளே யாருக்கு என்னவோ' என்று நகர்ந்து இடம்கூட விட்டேன். ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது: முதலில் வந்தவர் கக்கத்தில் பெரிய ஸ்கேன் உறை ஒன்று இருந்தது. என் கண் அதைப் பார்த்திருக்கிறது, ஆனால் நான் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை.

தாமஸ் பெட்டிக்ரூ என்ற சமூக உளவியலாளர் 1979இல் இதைத்தான் விளக்கினார். வேறு கூட்டத்தைச் சேர்ந்தவர் தப்பு செய்தால் அது அவர்கள் குணம் என்கிறோம். அவரே நல்லது செய்தால் ஏதோ அதிர்ஷ்டம், சந்தர்ப்பம், இல்லையென்றால் 'இவர் மட்டும் அவங்க மாதிரி இல்லை' என்று தனியாகப் பிரித்துவிடுகிறோம். அதாவது அவர் என்ன செய்தாலும் அந்தக் கூட்டத்தைப் பற்றிய நம் எண்ணம் அசைவதில்லை. நம்மவர் தப்புக்கு மட்டும் எப்போதும் ஒரு காரணம் கைவசம் இருக்கிறது.

உங்கள் கோபமும் இங்கிருந்து வந்ததுதான் என்று நினைக்கிறேன். வீட்டில் நீங்கள் குறை சொல்லும்போது அதன் காரணமும் கேட்பவர்களுக்குத் தெரியும், சொல்ல வேண்டியதே இல்லை. வெளியாள் காரணத்தை விட்டுவிட்டுச் செயலை மட்டும் எடுத்து முன்னால் வைத்தார். அது வலிக்கும். ஆனால் காரணங்களோடு வாழ்ந்து பழகிய நமக்கு ஒரு கட்டத்தில் செயல் கண்ணிலேயே படாமல் போய்விடுகிறது, அவருக்கு மட்டும் அது அப்பட்டமாகத் தெரிகிறது.

1562இல் பிரான்ஸின் ரூவான் நகரில் பிரேசில் பழங்குடியினர் மூன்று பேரிடம், இங்கே உங்களுக்கு எது வியப்பாக இருந்தது என்று கேட்டிருக்கிறார்கள். அங்கே இருந்த பிரெஞ்சு எழுத்தாளர் மொந்தேய்ன் பின்னாளில் அதை எழுதினார். மூன்று விஷயம் சொன்னார்களாம், மூன்றாவது மறந்துவிட்டது என்று வருத்தப்படுகிறார். ஒன்று, ஆயுதம் ஏந்திய தாடிக்காரர்கள் இத்தனை பேர் ஒரு சிறுவனுக்கு எப்படிக் கீழ்ப்படிகிறார்கள் என்பது. மன்னர் ஒன்பதாம் சார்லஸுக்கு அப்போது வயது 12. அடுத்ததுதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. அவர்கள் மொழியில் மனிதர்களை ஒருவருக்கொருவர் 'பாதி' என்றுதான் சொல்வார்களாம். இங்கே சிலர் வயிறு முட்ட எல்லாம் வைத்திருக்க, அவர்களுடைய பாதிகள் எலும்பும் தோலுமாக வாசலில் பிச்சை கேட்கிறார்களே, ஏன் இந்த ஏழைகள் அந்தப் பணக்காரர்களின் கழுத்தைப் பிடிக்கவில்லை, வீட்டைக் கொளுத்தவில்லை என்று கேட்டார்கள். அந்த நகரத்து ஆட்கள் தினமும் தாண்டிப் போன வாசல்கள் அவை.

சரி, உங்கள் முதல் கேள்வி. காரணம் தெரிந்தால் போதும், அதோடு நின்றுவிடலாம் என்பது தப்பு. 1947இல் அமெரிக்க மானுடவியல் சங்கம் ஐ.நா.வுக்கு ஓர் அறிக்கை அனுப்பியது. அளவுகோல்கள் அந்தந்தப் பண்பாட்டுக்குள் பிறப்பவை, ஒன்றின் அளவுகோலை எல்லா மனிதர்கள் மேலும் வைக்க முடியாது என்பது அதன் சாரம். காலனி ஆதிக்கம் இருந்த நாளில் அதற்கு நியாயம் இருந்தது. ஆனால் ஒரு பண்பாட்டுக்குள்ளேயே அடிபடுகிறவர் யாரிடம் போவார் என்பதற்கு அதில் தெளிவான பதில் இல்லை. 1999இல் அதே சங்கம் மனித உரிமைகளை ஆதரித்து வேறோர் அறிக்கை வெளியிட்டது.

சீனாவில் பெண் குழந்தைகளின் பாதத்தைக் கட்டிய வழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு வயதில் விரல்களை உள்ளங்காலுக்கு அடியில் மடக்கி, எலும்பு உடைய இறுக்கிக் கட்டுவார்கள். அது கொடுமை, அதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. கட்டியவர்கள் பெரும்பாலும் தாய்மார்கள், பாட்டிகள். கட்டாத பெண்ணுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் ஆகாது என்ற பயம்தான் அவர்களைக் கட்ட வைத்தது. வெளிநாட்டார் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று சீனச் சீர்திருத்தவாதி காங் யூவெய் 1898இல் பேரரசருக்கு மனம் நொந்து எழுதினார், ஆகவே உங்கள் கோபம் ஒன்றும் புதிதில்லை. ஆனால் சிரிப்பால் ஒரு தாயின் பயம் போகாது. பாதம் கட்டுவதை எதிர்த்த சங்கங்களில் சேர்ந்த குடும்பங்கள் இரண்டு உறுதி எடுத்துக்கொண்டன: எங்கள் பெண்ணுக்குக் கட்ட மாட்டோம், கட்டிய பெண்ணை எங்கள் பையனுக்கு எடுக்க மாட்டோம். அந்த இரண்டாவது உறுதிதான் பயத்தின் வேரில் கை வைத்தது. 1912இல் சட்டத் தடை வருவதற்கு முன்பே தொடங்கிய வேலை அது. காரணம் தெரியாதவர்களுக்கு அந்த உறுதி தோன்றியே இருக்காது, கொடுமை என்று தீர்ப்புச் சொல்லாதவர்களுக்கு அது தேவைப்பட்டிருக்காது.

அந்த அலுவலக நண்பரிடம் போய், நீங்கள் அன்று சொன்னது உண்மை என்று முதலில் சொல்லிவிடுங்கள். காரணத்தை அப்புறம் சொல்லலாம், இந்த வரிசை மாறக்கூடாது. பிறகு நீங்கள் அடுக்கிய குறைகளில் ஒன்றை எடுத்து, இது உங்களிடம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.