அண்டர்கிளேஸ் ஓவியம் போட்ட கைவேலை டைல்களைச் சூளையில் எத்தனை டிகிரியில் சுட வேண்டும்?

கீழக்கரையில் வீட்டு மாடியில் சிறிய மின்சூளை வைத்திருக்கிறீர்கள். கையால் தட்டிய டைல்களில் அண்டர்கிளேஸ் (கிளேஸுக்கு அடியில் போடும் நிறம்) கொண்டு மீனும் வலையும் வரைந்து, முதல் சூடு 1000 டிகிரி, கிளேஸ், அதாவது சூட்டில் கண்ணாடியாகும் பூச்சு, பூசிய பிறகு இரண்டாம் சூடு 1060 என்று சுடுகிறீர்கள். பரப்பெல்லாம் ஊசித் துளை விழுகிறது, எத்தனை டிகிரி சரி என்று கேட்டிருக்கிறீர்கள். எண்ணை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு வம்பளக்கலாம்.

இரண்டையும் திருப்பிப் போடுங்கள். முதல் சூடு 1060, கிளேஸ் சூடு 1000 முதல் 1030க்குள். கோன் (சூட்டை அளக்க உள்ளே வைக்கும், குறித்த சூட்டில் வளையும் சிறு கூம்பு) கணக்கில் முதலாவது 04, இரண்டாவது 06 அல்லது 05. மண்ணில் இருக்கும் கரிப்பொருளும் சுண்ணாம்பும் சூடேறும்போது வாயுவை விடும். முதல் தடவை 1000 வரை மட்டும் கண்ட மண், அடுத்த தடவை 1060க்குப் போகும்போது மிச்ச வாயுவை அப்போது விடுகிறது. அதற்குள் மேலே கிளேஸ் பாகாக உருகி மூடிவிட்டது. பாகைப் பொத்துக்கொண்டு வாயு வந்த வழிதான் அந்தத் துளை. உங்கள் கிளேஸ் 06இல் உருகக்கூடியதுதானா என்று டப்பாவில் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்காக முதல் சூட்டை 1100க்கு ஏற்றிவிடவும் வேண்டாம். மண் இறுகிவிட்டால் கிளேஸைக் குடிக்காது, வழிந்துவிடும்.

கோன் எண்ணில் சுழியத்தை விழுங்கிவிடாதீர்கள். 06 என்பது 1000 பக்கம், வெறும் 6 என்பது 1220 பக்கம். நான் ஒருமுறை தொலைபேசியில் "ஆறு" என்று மட்டும் சொல்லி, இன்னொருவர் சூளையில் சுடக் கொடுத்தேன். என் கண்மாய் மண் டைல்கள் தட்டோடு வெல்லப்பாகு போல ஒட்டிக் கிடந்தன. தட்டுக்கும் சேர்த்துப் பணம் கட்டினேன்.

மீட்டரை மட்டும் நம்பவும் கூடாது. அது அந்த நொடியின் சூட்டைக் காட்டுகிறது. மண் வேகுவதோ சூடும் நேரமும் சேர்ந்து. நம் பக்கத்தில் மாலையில் மின்னழுத்தம் 230இலிருந்து 200க்கு இறங்கினால் சூளையின் திறன் ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிடும். கடைசி நூறு டிகிரி ஏற மணிக்கணக்கில் இழுக்கும். எண் அதே 1060தான், ஆனால் மண் அதற்கு மேல் வெந்திருக்கும். ஒவ்வொரு தட்டிலும் ஒரு கோன் வையுங்கள். நான் கடைசிக் கட்டத்தை இரவு பத்து மணிக்கு மேல்தான் வைத்துக்கொள்கிறேன். தூக்கம் கெடும், டைல் கெடாது.

இனி கடற்கரைக்காரர்களுக்கே உரிய தலைவலி. உள்ளூர் மண் எடுத்தால் அதில் சிப்பித் துணுக்கு இருக்கும். கிளிஞ்சலைக் காளவாசலில் சுட்டுத் தண்ணீர் தெளித்தால் அது பூத்து நீறாவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலை உங்கள் டைலுக்குள் நடக்கும். சூளையில் சிப்பி சுட்ட சுண்ணாம்பாகிறது. வெளியே வந்ததும் காற்றின் ஈரத்தைக் குடித்து ஊதுகிறது. சூளையிலிருந்து எடுத்த அன்று அழகாக இருக்கும். பத்து நாள் கழித்து மீனின் கண்ணுக்குப் பக்கத்தில் மிளகளவு சில்லு தெறித்து, பள்ளத்தின் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியும். டிகிரியை மாற்றி இதைச் சரிசெய்ய முயன்று நான் ஒரு வருடம் வீணாக்கினேன். மண்ணை நல்ல தண்ணீரில் கரைத்து, நெருக்கமான சல்லடையில் வடிகட்டுவதுதான் வழி. தெளிந்த நீரை இரண்டு மூன்று முறை மாற்றினால் உப்பும் இறங்கும். உப்பு மிஞ்சினால் காயும்போது மேலே வெள்ளையாகப் பூக்கும், அதன் மேல் அண்டர்கிளேஸ் ஒட்டாமல் உரியும்.

டைல் எங்கே ஒட்டப் போகிறது என்பதையும் நீங்கள் எழுதவில்லை. சமையலறைச் சுவர் என்றால் 1060 மண்ணே போதும். கடலைப் பார்த்த வெளிச்சுவர் என்றால் எனக்குச் சம்மதமில்லை. அந்த மண் நிறையத் தண்ணீர் குடிக்கும். காய்ந்த டைலை எடை போட்டு, இரண்டு மணி நேரம் வேகவைத்து, இரவு முழுக்க அதே நீரில் ஊறவிட்டு, துடைத்து மறுபடி எடை பாருங்கள். 400 கிராம் 452 ஆனால் 13 சதவீதம். அந்த இடைவெளிக்குள் உப்புநீர் போய்க் காய்ந்து படிகமாகும்போது கிளேஸைத் தோல்போலத் தள்ளிவிடும். உங்கள் ஊருக்குப் பக்கத்துப் பெரியபட்டினத்தில் அகழ்ந்தபோது சீனப் பீங்கான் பாத்திரச் சில்லுகள் கிடைத்தன. அவை 1200க்கு மேல் வெந்தவை. உப்பு மண்ணில் பல நூறு ஆண்டு கிடந்தவை. வெளிச்சுவருக்கு அந்தச் சூடு தாங்கி, கல்போல இறுகும் ஸ்டோன்வேர் மண்ணை வாங்கி, முதல் சூடு 1000 அல்லது 1060, கிளேஸ் சூடு கோன் 6 என்று போங்கள். கண்மாய் மண் அங்கே நிற்காது, உப்பி வளையும்.

அந்தச் சூட்டில் நிறங்களும் குணம் மாறும். கோபால்ட் நீலம் அசையாது. சில இளஞ்சிவப்பும் ஊதாவும் வெளுத்துப் போகும். குரோம்–தகரச் சேர்க்கையில் வரும் இளஞ்சிவப்புக்குத் துத்தநாகம் கலந்த கிளேஸ் எந்தச் சூட்டிலும் ஆகாது.

ஏற்றும்போது 600 வரை மணிக்கு 80 டிகிரிக்கு மேல் வேண்டாம். இறங்கும்போதும் 573 பக்கம் அவசரப்படுத்தாதீர்கள். அங்கே மண்ணிலுள்ள குவார்ட்ஸ் சட்டென்று சுருங்கும். தட்டையான டைலில் ஓரம் முதலில் ஆறும், நடு பின்தங்கும். மூடியை 100க்குக் கீழே வந்த பிறகே திறவுங்கள். பொறுமையில்லாமல் நான் 250இல் இரண்டு விரல் அளவு தூக்கிப் பார்த்தேன். கடற்காற்று உள்ளே போனது. மேல் தட்டிலிருந்து "டிக்" என்று ஒரு சத்தம், கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. ஆறில் இரண்டு போயிற்று.