ஊருக்கு வெளியே 2 ஏக்கரில் வீடு: கையெழுத்துக்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

கேள்வி: இருவரும் ஆஸ்டினில் வேலை பார்க்கிறோம். பாஸ்ட்ராப் கவுன்ட்டி பக்கம் 2 ஏக்கரில் ஒரு வீடு பிடித்திருக்கிறது. போர்வெல் தண்ணீர், ஏரோபிக் செப்டிக் (காற்றைச் செலுத்திக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் தொட்டி). இன்ஸ்பெக்‌ஷனில் கூரை, ஏசி எல்லாம் சரி என்றார்கள். வாங்கலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். டெக்சாஸில் ஒப்பந்தம் போட்டதும் சிறு கட்டணம் கட்டிச் சில நாள் அவகாசம் வாங்கலாம், அதுதான் ஆப்ஷன் பீரியட். அது முடிவதற்குள் காரணம் சொல்லாமலே விலகலாம். ஆப்ஷன் கட்டணம் மட்டும்தான் போகும். போர்வெல்லும் செப்டிக்கும் வழக்கமான இன்ஸ்பெக்‌ஷனில் பெரும்பாலும் சேராது. அந்த நாட்களுக்குள் இரண்டுக்கும் தனித்தனி ஆள் பிடியுங்கள்.

முதலில் தண்ணீர். குழாயைத் திறந்துவிட்டுப் பிரஷர் டேங்க் பக்கம் நில்லுங்கள். சில விநாடிக்கு ஒருமுறை மோட்டார் 'டக் டக்' என்று போட்டு அணைந்தால் பெரும்பாலும் டேங்கின் உள்பை போய்விட்டது என்று அர்த்தம். அப்படியே ஓடவிட்டால் மோட்டாரும் எரியும். கோலிஃபார்ம் கிருமி, நைட்ரேட், ஆர்செனிக் மூன்றுக்கும் லேபில் சோதனை செய்யுங்கள். காய்ச்சிக் குடித்துக்கொள்ளலாம் என்ற நம் வீட்டு வைத்தியம் கிருமிக்குத்தான் சரி. லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருந்தால் கைக்குழந்தைக்கு ஆபத்து. காய்ச்சினால் தண்ணீர் சுண்டி அது இன்னும் கூடும். கரண்ட் போனால் தண்ணீரும் நிற்கும், ஜெனரேட்டர் செலவையும் கணக்கில் வையுங்கள்.

ஏரோபிக் செப்டிக்கில் காற்று பம்ப் நின்றால் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும். சிலர் அந்த பல்பைக் கழற்றி வைத்திருப்பார்கள், பாருங்கள். குளோரின் மாத்திரை டப்பாவையும் படியுங்கள். கழிவுநீருக்கென்று விற்கும் கால்சியம் ஹைப்போகுளோரைட்தான் போட வேண்டும். நீச்சல்குள மாத்திரை வேறு ரகம். அதைப் போட்டால் குழாய்க்குள் வெடிக்கக்கூடிய வாயு உண்டாகலாம். பராமரிப்பு ஒப்பந்தத்தையும் பழைய சோதனை அறிக்கைகளையும் விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக் காப்பீட்டு விலையை இப்போதே கேளுங்கள். 2011 காட்டுத்தீயில் 1,600 வீடுகளுக்கு மேல் எரிந்த கவுன்ட்டி அது. தீயணைப்பு நிலையம் சாலை வழியாக 5 மைலுக்கு மேல் இருந்தால் பிரீமியம் ஏறும், சில கம்பெனிகள் கைவிரித்துவிடும்.

கார் செலவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். 2025-க்கு வைத்த கணக்கு மைலுக்கு 70 சென்ட். போகவர 60 மைல், மாதம் 20 நாள் என்றால் ஒரு காருக்கு 840 டாலர். இரண்டு காருக்கு 1,680. நகரத்துக்குள் இருக்கும் வீட்டோடு விலையை ஒப்பிடும்போது இதையும் மாதத் தவணையோடு சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: ஊரிலிருந்து அப்பா அம்மா ஆறு மாதம் வந்து இருப்பார்கள். கார் ஓட்டத் தெரியாது. சிரமப்படுவார்களா?

பதில்: படுவார்கள். இந்தக் கவுன்ட்டி சாலைகள் பலவற்றில் நடைபாதை கிடையாது, காலை நடைக்குக்கூட வளாகத்தைத் தாண்ட முடியாது. அந்த வீட்டு வாசலில் நின்று வார நாளில் காலை 10 மணிக்கு ஊபர் திறந்து, வண்டி காட்டுகிறதா பாருங்கள். கார்ட்ஸ் என்ற கிராமப்புறப் பேருந்துச் சேவை முன்பதிவின் பேரில் வீட்டு வாசலுக்கே வரும். உங்கள் முகவரி அதன் எல்லைக்குள் வருகிறதா, எந்தெந்த நாள் ஓடுகிறது என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் இருவரில் ஒருவராலும் வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை செய்ய முடியாது என்றால், இந்த வீட்டை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.