தொப்பி தெரிகிறது, முகம் தெரியவில்லை

வயர்லெஸ் கேமரா பற்றி வந்த கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, இந்த இதழ் முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: கடைக்குள் இரண்டு வயர்லெஸ் கேமரா வைத்திருக்கிறேன். கல்லாவிலிருந்து பணம் போய்விட்டது. பதிவைப் பார்த்தால் ஒரு ஆள் வருவதும் போவதும் தெரிகிறது, ஆனால் தெரிவது தொப்பிதான், முகம் இல்லை. 4கே கேமராவாக மாற்றினால் சரியாகிவிடுமா?

பதில்: காசைச் செலவழிப்பதற்கு முன்னால் ஏணியை எடுத்து, இருக்கிற கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பாருங்கள். கூரையை ஒட்டி மாட்டினால் கடை முழுக்கத் தெரியும் என்று நினைத்துத்தான் எல்லோரும் அங்கே மாட்டுகிறோம், தெரியவும் செய்கிறது, ஆனால் அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் 8 மெகாபிக்சலாக (4கே என்பது அதுதான்) இருந்தாலும் உச்சந்தலையும் தொப்பியின் விளிம்பும்தான் கிடைக்கும்.

அப்புறம் தூரம். 1080பி கேமரா என்றால் படத்தின் குறுக்கே 1920 புள்ளிகள். ஐஇசி 62676-4 என்ற சர்வதேசத் தரத்தின் 2014 பதிப்பில் இதற்கு ஒரு கணக்கு சொல்லியிருக்கிறார்கள்: முன்பின் தெரியாத ஒருவரை ஐயமில்லாமல் அடையாளம் காட்ட, அவர் நிற்கும் இடத்தில் மீட்டருக்கு 250 புள்ளிகள் வேண்டும், நமக்குத் தெரிந்த ஆள்தானா என்று பார்க்க 125 போதும், யாரோ ஒருவர் இருக்கிறார் என்று மட்டும் தெரிய 25. 1920-ஐ 250-ஆல் வகுத்தால் 7.7 மீட்டர் அகலம் வருகிறது. 90 டிகிரி விரிந்து பார்க்கும் லென்ஸுக்கு அந்த அகலம் கேமராவிலிருந்து நாலு மீட்டருக்கும் சற்றுக் குறைவான தூரத்திலேயே வந்துவிடும். அதற்கு அப்பால் நிற்பவர் 'யாரோ ஒருவர்' ஆகிக்கொண்டே போவார். 4கே-யில் இந்தத் தூரம் இரண்டு மடங்காகும், அது உண்மை. ஆனால் சின்ன சென்சாரில் அவ்வளவு புள்ளிகளை அடைத்தால் வெளிச்சம் குறைந்த நேரத்தில் படம் பொரிப்பொரியாக வரும், வைஃபைக்கும் சுமை கூடும்.

நான் செய்வதாக இருந்தால், ஒரு கேமராவைக் கடை முழுவதும் பார்க்க விட்டுவிட்டு, இன்னொன்றை வாசலைப் பார்த்து, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, குறுகிய இடத்தைப் பெரிதாகக் காட்டும் 4 அல்லது 6 மில்லிமீட்டர் லென்ஸோடு வைப்பேன். உள்ளே வருகிற ஒவ்வொருவரும் அந்த வாசலைத் தாண்டித்தானே ஆக வேண்டும்! ஒரு தொல்லை உண்டு: வாசலுக்கு வெளியே வெயில், உள்ளே நிழல் என்றால் முகம் கரிக்கட்டையாகத் தெரியும். அதற்கு டபிள்யூடிஆர் வசதி (வெயிலும் நிழலும் ஒரே படத்தில் தெளிவாகத் தெரியவைப்பது) நிஜமாகவே உள்ள கேமராவாகப் பார்த்து வாங்குங்கள். சில பெட்டிகளில் 'டிஜிட்டல் டபிள்யூடிஆர்' என்று போட்டிருப்பார்கள்; அது எடுத்த படத்தை மென்பொருளால் வெளுப்பாக்கும் வேலை, இதற்குப் பெரிதாக உதவாது.

கேள்வி: வயர்லெஸ் என்று சொல்லி விற்றார்கள். வீட்டுக்கு வந்து பிரித்தால் உள்ளே அடாப்டரும் வயரும் இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லை. வயர்லெஸ் என்றால் படம் வயரில்லாமல் போகிறது என்று மட்டும்தான் அர்த்தம், கரண்டுக்கு வயர் வேண்டும். ஒரு வயரும் வேண்டாம் என்றால் பேட்டரி கேமரா என்று கேட்டு வாங்க வேண்டும், அதற்கு வேறு குறைகள் உண்டு (அடுத்த கேள்வியைப் பாருங்கள்). பக்கத்தில் பிளக் பாயின்ட் இருக்கிற இடத்தில் அடாப்டர் கேமராதான் என் ஓட்டு.

கேள்வி: கேட்டில் பேட்டரி கேமரா போட்டிருக்கிறேன். ஆள் உள்ளே வந்து பாதி தூரம் நடந்த பிறகுதான் பதிவு ஆரம்பிக்கிறது. சில சமயம் முதுகு மட்டும்தான். கேமரா பழுதா?

பதில்: பழுது இல்லை, அதன் சுபாவமே அப்படி. பேட்டரி தீர்ந்துவிடக் கூடாது என்று அது பெரும்பாலான நேரம் தூங்கிக்கொண்டிருக்கும். உடல் வெப்பம் நகர்வதை உணரும் பிஐஆர் சென்சார் ஒன்று மட்டும் விழித்திருக்கும், அது தட்டி எழுப்பி, கேமரா கண் விழித்துப் பதிவைத் தொடங்குவதற்குள் ஆள் நாலு எட்டு வைத்துவிடுவார்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று, பிஐஆர் சென்சார் தன் பார்வைக்குக் குறுக்கே போகிறவரைச் சட்டென்று பிடிக்கும், நேராகத் தன்னை நோக்கி வருகிறவரை மெதுவாகத்தான் உணரும். உங்கள் கேமரா பாதையை நேருக்கு நேர் பார்த்தபடி இருக்கும் என்று நினைக்கிறேன். பக்கவாட்டுச் சுவருக்கு மாற்றி, நடந்து வருகிறவர் குறுக்கே கடக்கும்படி வையுங்கள், வித்தியாசம் தெரியும். உச்சி வெயிலில் சுற்றியிருக்கிற சூடும் உடல் சூடும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டால் இது இன்னும் மந்தமாகும்.

செட்டிங்கில் ஒரு பதிவுக்கும் அடுத்த பதிவுக்கும் இடையே எத்தனை நொடி ஓய்வு என்று ஒரு கணக்கு இருக்கும், அதைக் குறைத்துவிடுங்கள், பேட்டரி சீக்கிரம் இறங்கும், பரவாயில்லை. நாள் முழுக்க ஆள் நடமாட்டம் உள்ள கடை வாசலுக்கோ தெருவைப் பார்த்த சுவருக்கோ பேட்டரி கேமரா சரிப்படாது. பின்கட்டு, மொட்டை மாடிக் கதவு, தோட்டத்து மூலை மாதிரி எப்போதாவது யாராவது வருகிற இடம்தான் அதற்கு. வெயில் நன்றாக விழுகிற இடமென்றால் சின்ன சோலார் தகடு ஒன்றைச் சேர்த்தால் கழற்றிக் கழற்றிச் சார்ஜ் போடும் வேலை மிச்சம். உறைபனி விழும் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: லித்தியம் பேட்டரியைப் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது.

கேள்வி: பகலில் நன்றாக ஓடுகிற கேமரா ராத்திரியானால் அணைந்து அணைந்து எரிகிறது. வைஃபை சிக்னல் நன்றாகத்தான் இருக்கிறது.

பதில்: அடாப்டருக்கும் கேமராவுக்கும் நடுவில் நீளமான யுஎஸ்பி வயர் போட்டிருக்கிறீர்களா? இருந்தால் பெரும்பாலும் அதுதான் குற்றவாளி. இருட்டியதும் கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்குகள் (இருட்டில் பார்க்க உதவும், கண்ணுக்குத் தெரியாத ஒளி) எரியத் தொடங்கும், கரண்டு கூடுதலாக இழுக்கும், 5 வோல்ட் மெல்லிய வயரில் அத்தனை தூரம் வருவதற்குள் மின்னழுத்தம் இறங்கி கேமரா அணைந்துவிடும், அணைந்ததும் சுமை குறைந்து மறுபடி உயிர் வரும். பிளக் பாயின்ட்டைக் கேமரா பக்கத்துக்குக் கொண்டு வாருங்கள், அல்லது தடித்த வயர் போடுங்கள். நெடுந்தூரம் வயர் இழுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் 12 வோல்ட் கேமரா நல்லது.

கேள்வி: ஜன்னல் கண்ணாடிக்கு உள்பக்கம் கேமரா வைத்தேன். ராத்திரியில் வெறும் வெள்ளைப் புகை.

பதில்: கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்கே கண்ணாடியில் பட்டுத் திரும்புகிறது. அதை ஆப்பில் அணைத்துவிட்டு வெளியே ஒரு சாதாரண விளக்கை எரிய விடுங்கள். கண்ணாடி வழியாக பிஐஆரும் வேலை செய்யாது. வெளியில் மாட்டிய கேமராவிலும் இதே புகை வந்தால் சிலந்தி வலையைப் பாருங்கள், விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். மெல்லிய தூரிகையால் அவ்வப்போது துடைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கேள்வி: மெமரி கார்டு போதுமா, கிளவுடுக்கு (இணையம் வழியே கம்பெனி சர்வரில் சேமிப்பதற்கு) மாதச் சந்தா கட்ட வேண்டுமா? விற்பவர் சந்தா இல்லாவிட்டால் பிரயோஜனமே இல்லை என்கிறார்.

பதில்: அவர் அப்படித்தான் சொல்வார். நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1080பி படம் நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாள் முழுக்கப் பதிவு செய்ய 21.6 ஜிபி ஆகும். 128 ஜிபி கார்டில் ஆறு நாள் பதிவு நிற்கும், அப்புறம் பழையதை அழித்து அதன் மேலேயே எழுதும். அசைவு இருக்கும்போது மட்டும் பதிவு என்று வைத்தால் வாரக்கணக்கில் போகும். எச்.265 முறையில் சுருக்கும் கேமரா என்றால் இடம் ஏறத்தாழ பாதிதான் பிடிக்கும். ஒன்றே ஒன்று, போனில் போடுகிற சாதாரணக் கார்டை இதில் போடாதீர்கள். இரவும் பகலும் எழுதி எழுதி அது சீக்கிரம் செத்துவிடும், அதுவும் சொல்லாமல் சாகும், தேவைப்படுகிற நாளில்தான் தெரியும். 'ஹை எண்டியூரன்ஸ்' என்று போட்டிருக்கும் கார்டாக வாங்குங்கள், மாதம் ஒருமுறை ஆப்பில் போய் நேற்றைய பதிவு ஓடுகிறதா என்று ஓட்டிப் பாருங்கள்.

கார்டின் பெரிய பலவீனம், திருடன் கேமராவையே பிடுங்கிக்கொண்டு போனால் சாட்சியும் கூடவே போய்விடும். அதற்குத்தான் கிளவுட். ஆனால் கிளவுடுக்கு அப்லோட் வேகம் வேண்டும். இணைய இணைப்பு எடுக்கும்போது எல்லோரும் டவுன்லோட் வேகத்தை மட்டும் பார்த்து எடுத்திருப்போம். நாலு கேமரா இடைவிடாமல் அனுப்பினால் நொடிக்கு 8 மெகாபிட் மேலே போயாக வேண்டும், சில இணைப்புகளில் அப்லோடே மொத்தம் அவ்வளவுதான் இருக்கும். நாலு கேமராவுக்கு மேல் உள்ள சிறு தொழிலுக்கு, பூட்டிய அலமாரிக்குள் ஒரு என்விஆர் பெட்டி வைத்து எல்லாவற்றையும் அதில் பதிவு செய்வதுதான் என் யோசனை. கேமரா வாங்கும்போது ஆன்விஃப் தரத்துக்கு ஒத்துப்போகிறதா என்று கேளுங்கள், இருந்தால் வேறு கம்பெனி என்விஆரோடும் சேரும். வீட்டுக்கு, கார்டோடு வாசல் கேமரா ஒன்றுக்கு மட்டும் கிளவுட் சந்தா போதும்.

கேள்வி: பவர் கட் ஆனால்?

பதில்: கேமராவுக்கு மட்டும் பேட்டரி இருந்து பயனில்லை, ரவுட்டர் அணைந்தால் தகவல் வெளியே போகாது. ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் போடுங்கள். வைஃபையைக் கருவி வைத்து முடக்குகிறவர்களும் உண்டு, அந்த நேரத்தில் உள்ளே கார்டு இருந்தால் பதிவாவது மிஞ்சும்.

கேள்வி: கேமராவை ஆப்பில் சேர்க்கவே முடியவில்லை. க்யூஆர் கோடு காட்டிக் காட்டிக் கை வலிக்கிறது.

பதில்: மலிவான கேமரா பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும்தான் சேரும், உங்கள் போன் 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கும். ரவுட்டரில் 2.4-க்குத் தனிப் பெயர் கொடுத்து, போனையும் அதில் சேர்த்துவிட்டு முயலுங்கள். 5-ஐ விட 2.4 சுவரைத் தாண்டி நன்றாகவே போகும், ஆனால் அக்கம்பக்கத்து ரவுட்டர்களெல்லாம் அதில்தான் இடித்துக்கொண்டிருக்கும். சேனலை 1, 6, 11 இந்த மூன்றில் ஒன்றாக வையுங்கள், இந்த மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. மாட்டுவதற்குத் துளை போடும் முன் கேமராவை அந்த இடத்தில் கையில் பிடித்து ஆப்பில் சிக்னல் எண்ணைப் பாருங்கள்: மைனஸ் 60 பக்கம் என்றால் நிம்மதி, மைனஸ் 75-ஐத் தாண்டி இன்னும் கீழே இறங்கினால் படம் உறைந்து உறைந்துதான் வரும்.

கேள்வி: வீட்டுக்குக் கேமரா என்ற யோசனை முதலில் யாருக்கு வந்தது?

பதில்: நியூயார்க்கில் குயீன்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற செவிலியருக்குத்தான் பொதுவாக அந்தப் பெருமையைக் கொடுக்கிறார்கள். கணவர் ஆல்பர்ட் மின்னணுத் தொழில்நுட்பர். இருவரும் சேர்ந்து 1966-இல் விண்ணப்பித்தார்கள், 1969 டிசம்பரில் காப்புரிமை கிடைத்தது. கதவில் வெவ்வேறு உயரத்தில் நாலு துளை, அவற்றின் வழியே பார்க்க மேலும் கீழும் நகரும் கேமரா, படுக்கையறையில் டிவி, வாசலில் நிற்பவரோடு பேச மைக், இருந்த இடத்திலிருந்தே கதவைத் திறக்க ஒரு ஸ்விட்ச், ஆபத்தென்றால் அழுத்த ஒரு பொத்தான். இன்றைய வீடியோ டோர்பெல்லில் புதிதாக என்ன இருக்கிறது என்று யோசிக்க வைக்கிற பட்டியல்.

கேள்வி: கேமராவை யாராவது ஹேக் செய்து வீட்டுக்குள் பார்ப்பார்கள் என்று என் மனைவி வேண்டவே வேண்டாம் என்கிறார். நிஜமாகவே நடக்குமா?

பதில்: நடக்கும், உங்கள் மனைவி பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 2016-இல் மிராய் என்ற நச்சு நிரல் கேமரா, ரவுட்டர் போன்ற கருவிகளுக்குள் புகுந்தது. பெரிய வித்தை ஒன்றும் இல்லை: தொழிற்சாலையில் வைத்த பயனர் பெயர், பாஸ்வேர்டு அறுபது சொச்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது, மாற்றாமல் விட்டிருந்தவையெல்லாம் திறந்துகொண்டன. அப்படிப் பிடித்த கருவிகளை ஏவி அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று, இணையதளப் பெயரை வைத்து அதன் முகவரியைக் கண்டுபிடித்துத் தரும் டைன் நிறுவனத்தைத் தாக்கினார்கள், ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் பலருக்குத் திறக்கவில்லை. எல்லாக் கருவிக்கும் ஒரே பாஸ்வேர்டு போட்டு விற்பதை பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் சட்டம் போட்டே தடுத்துவிட்டது.

அதனால், வேறெங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டு ஒன்றை வையுங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பு இல்லாத ஆப் என்றால் அந்தக் கேமராவை வாங்கவே வேண்டாம். ஃபர்ம்வேர் (கேமராவுக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். ரவுட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் இருந்தால் கேமராக்களை அதில் விடுங்கள், ஒன்று கெட்டாலும் உங்கள் கம்ப்யூட்டர் பக்கம் வராது. வெளியூரிலிருந்து பார்க்க வேண்டும் என்று ரவுட்டரில் போர்ட் (இணையத்திலிருந்து நேராக உள்ளே வரும் வழி) திறந்துவைக்கும் பழைய பழக்கம் வேண்டாம். இதையெல்லாம் செய்த பிறகும் படுக்கையறையில் கேமரா கூடாது என்பது என் கட்சி. வரவேற்பறையில் வைத்தால், வீட்டில் ஆள் இருக்கும்போது லென்ஸை மூடிக்கொள்ளும் மாடலாகப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் கேமரா தன் வாசலையும் பார்க்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார்.

பதில்: அவர் பக்கம்தான் நியாயம். ஆப்பில் 'பிரைவசி மாஸ்க்' என்று இருக்கும், அவர் வாசல் வரும் பகுதியைக் கறுப்பாக்கிவிட்டு அவரையே கூப்பிட்டுத் திரையைக் காட்டுங்கள். வீட்டுக் கேமரா பொது இடத்தையும் படம் பிடித்தால் அதை முழுக்க வீட்டு விஷயம் என்று சொல்ல முடியாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், விசாரித்துக்கொள்ளுங்கள். பேச்சைப் பதிவு செய்வதற்குப் பல இடங்களில் இன்னும் கடுமையான விதி, தேவையில்லை என்றால் மைக்கை அணைத்துவிடுங்கள். கடையில் வேலை செய்பவர்களிடம் கேமரா இருப்பதைச் சொல்லிவிட்டுத்தான் வைக்க வேண்டும்.

கேள்வி: திருட்டு நடந்துவிட்டது. போலீஸ் பதிவு கேட்கிறார்கள். எப்படிக் கொடுப்பது?

பதில்: முதல் வேலையாகக் கார்டைக் கழற்றுங்கள், அல்லது பதிவை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் சில நாளில் அதன் மேலேயே எழுதிவிடும். திரையை இன்னொரு போனால் படம் பிடித்துக் கொடுக்காதீர்கள், வாட்ஸாப்பில் வீடியோவாகவும் அனுப்பாதீர்கள், அது சுருக்கிவிடும், இருக்கிற தெளிவும் போய்விடும். அசல் கோப்பை அப்படியே இரண்டு பிரதி எடுத்து ஒன்றைக் கொடுங்கள். சம்பவத்துக்குப் பத்து நிமிடம் முன்பும் பின்பும் சேர்த்து எடுங்கள், நோட்டம் பார்க்க வந்தது அதில் இருக்கலாம். படத்தில் தெரியும் நேரத்தையும் சரியான நேரத்தையும் ஒப்பிட்டு, எத்தனை நிமிடம் வித்தியாசம் என்று ஒரு தாளில் எழுதிக் கூடவே கொடுத்துவிடுங்கள்.