கர்னல் அப்டேட்டுக்குப் பிறகு பேட்டரி வேகமாக இறங்குகிறது: காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி இதுதான்: லினக்ஸ் கர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதியை) அப்டேட் செய்ததிலிருந்து லேப்டாப் பேட்டரி முன்பு வந்த நேரத்தில் பாதிதான் வருகிறது. எங்கே மின்சாரம் போகிறது என்று எப்படிப் பார்ப்பது? பழைய கர்னலிலேயே தங்கிவிடுவதைத் தவிர வேறு வழி உண்டா?

உண்டு. இதே விஷயத்தில் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டவன் நான். கடைசியில் தப்பு கர்னல் மேல் இல்லை, என் மேல்தான் என்று தெரிந்தது. அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில், உண்மையிலேயே கர்னல்தானா என்று பாருங்கள். கர்னல் அப்டேட் என்று நாம் சொல்லும் நாளில் கர்னல் மட்டும் மாறியிருக்காது. கிராபிக்ஸ் நூலகங்கள், வன்பொருளுக்குள் ஓடும் ஃபர்ம்வேர், டெஸ்க்டாப், பிரவுசர் என்று ஒரு பெரிய கூட்டமே சேர்ந்து மாறியிருக்கும். ரீபூட் கேட்டது கர்னல் என்பதால் பழியும் அதன் தலையில் விழுகிறது. பெரும்பாலான டிஸ்ட்ரோக்கள் (லினக்ஸ் தொகுப்புகள்) முந்தைய கர்னலை அழிக்காமல் வைத்திருக்கும். கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் அதைத் தேர்ந்து பூட் செய்யுங்கள். மற்ற எதையும் தொடாதீர்கள். பழைய கர்னலிலும் பேட்டரி அதே வேகத்தில் இறங்கினால் கர்னலை விட்டுவிட்டு வேறு பக்கம் தேடலாம். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் மணிக்கணக்கில் அமைப்புகளை மாற்றிக்கொண்டிருப்பவர்கள்தான் அதிகம். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

ஆனால் ஒப்பிட ஓர் எண் வேண்டும். மூலையில் "இன்னும் 3 மணி 20 நிமிடம்" என்று காட்டுகிறதே, அதை நம்பாதீர்கள். அது கடந்த சில நிமிடப் பயன்பாட்டை வைத்துப் போடும் குத்துமதிப்பு. நமக்குத் தேவை வாட். கர்னல் தன் நிலவரத்தைக் காட்டும் சிஸ் (/sys) கோப்புறைக்குள் கிளாஸ், அதற்குள் பவர் சப்ளை, அதற்குள் உங்கள் பேட்டரியின் பெயரில் ஒரு கோப்புறை இருக்கும். அங்கே 'பவர் நௌ' என்ற கோப்பு இந்த நொடியில் பேட்டரியிலிருந்து வெளியேறும் மின்திறனை மைக்ரோவாட்டில் சொல்லும். பத்து லட்சத்தால் வகுத்தால் வாட். சில மெஷின்களில் அந்தக் கோப்பு இருக்காது. 'கரண்ட் நௌ', 'வோல்டேஜ் நௌ' இரண்டும் இருக்கும். முதலாவது மைக்ரோ ஆம்பியர், இரண்டாவது மைக்ரோ வோல்ட். இரண்டையும் மாற்றிப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

அதே இடத்தில் 'எனர்ஜி ஃபுல்', 'எனர்ஜி ஃபுல் டிசைன்' என்று இரண்டு கோப்புகள் இருந்தால் அவற்றையும் ஒருமுறை பாருங்கள். முதலாவது இரண்டாவதைவிட மிகவும் குறைந்திருந்தால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. அதற்கு எந்தக் கர்னலிலும் மருந்து கிடையாது.

அளக்கும்போது சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். திரை வெளிச்சத்தை ஓர் அளவில் நிறுத்தி, தானாகக் கூடிக் குறையும் வசதியை அணைத்துவிடுங்கள். பிரவுசரை மூடுங்கள். வைஃபை இரண்டு சோதனையிலும் ஒரே நிலையில் இருக்கட்டும். பூட் ஆனதும் உடனே அளக்கக் கூடாது. பத்து நிமிடம் விட்டு, பிறகு பத்து நிமிடம் அளந்து சராசரி எடுங்கள். அப்டேட் முடிந்த அன்றே அளப்பதும் வீண். கோப்புகளைத் தேடலுக்காக அட்டவணைப்படுத்தும் வேலையெல்லாம் பின்னணியில் அப்போதுதான் ஓடிக்கொண்டிருக்கும்.

ஓரிரு வாட் வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். 50 வாட்-மணி பேட்டரியில் சும்மா இருக்கும்போது 4 வாட் என்றால் பன்னிரண்டரை மணி நேரம். 8 வாட் என்றால் ஆறே கால் மணி நேரம். லேப்டாப் பெரும்பாலான நேரம் சும்மாதான் இருக்கிறது, அதனால் சும்மா இருக்கும்போது குடிக்கும் மின்சாரம்தான் பேட்டரி ஆயுளைத் தீர்மானிக்கிறது.

இனி என் கதை. பழைய கர்னலில் 4.3 வாட், புதியதில் 7.6 வாட். மூன்று முறை மாற்றி மாற்றி அளந்தும் அதேதான். சரி, கர்னல்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். சிபியு ஒரு சதவீதம்கூட வேலை செய்யவில்லை. எது மின்சாரம் குடிக்கிறது என்று காட்டும் பவர்டாப் நிரலில் சந்தேகப்படும்படி எதுவும் இல்லை. பிறகுதான் கர்னல் லாகை (பூட் ஆனதிலிருந்து கர்னல் எழுதிவரும் குறிப்புகளை) முதல் வரியிலிருந்து பொறுமையாகப் படித்தேன். திரையைக் கவனிக்கும் சிறு கட்டுப்படுத்திக்கான ஃபர்ம்வேரை ஏற்ற முடியவில்லை, அதனால் இயக்க நேர மின் சேமிப்பை அணைக்கிறேன் என்று ஒரே ஒரு வரி. புதிய கர்னல் அந்த ஃபர்ம்வேரின் புதிய பதிப்பைத் தேடியிருக்கிறது. அது என் மெஷினில் இல்லை. ஏன் இல்லை? வட்டில் இடம் போதவில்லை என்று சில மாதங்களுக்கு முன் ஃபர்ம்வேர் பேக்கேஜ் அப்டேட் ஆகாதபடி நானேதான் பூட்டி வைத்திருந்தேன். பூட்டைத் திறந்து, அப்டேட் செய்து, ரீபூட் செய்தபின் 4.2 வாட். ஒரு வாரத் தேடலுக்குப் பதில் இரண்டு நிமிட வேலை.

ஆகவே அளந்து முடித்ததும் நீங்கள் செய்யவேண்டிய முதல் காரியம், பழைய கர்னலின் லாகையும் புதியதன் லாகையும் எடுத்து நேரக்குறிகளை நீக்கிவிட்டு இரண்டையும் டிஃப் போட்டு, அதாவது வேறுபடும் வரிகளை மட்டும் காட்டச் சொல்லி, பார்ப்பது. ஃபர்ம்வேர், ஏஎஸ்பிஎம் (சாதனங்களை இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையின் மின் சேமிப்பு), ஏசிபிஐ (வன்பொருளின் மின் மேலாண்மைக்கான தரநிலை) என்ற சொற்கள் வரும் வரிகளைக் கவனியுங்கள். அப்படியே பூட் கோப்புறையில் இருக்கும் இரண்டு கர்னல்களின் கான்ஃபிக் (அமைப்பு) கோப்புகளையும் டிஃப் போடுங்கள். பூட் செய்யும்போது கர்னலுக்குக் கொடுத்த அளவுருக்கள் இரண்டிலும் ஒன்றுதானா என்றும் பாருங்கள். நாம் கைப்பட எழுதிய ஒன்று அப்டேட்டில் காணாமல் போயிருக்கலாம்.

தனி கிராபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப் என்றால் என் முதல் சந்தேகம் அதன் மேல்தான். கர்னலுக்கு வெளியிலிருந்து வரும் டிரைவரை ஒவ்வொரு புதிய கர்னலுக்கும் திரும்பக் கம்பைல் செய்யவேண்டும், அதாவது மூல நிரலிலிருந்து உருவாக்கவேண்டும். அதற்குத் தேவையான கர்னல் ஹெட்டர் பேக்கேஜ் இல்லாவிட்டால் அந்த வேலை சத்தமில்லாமல் தோற்றுப்போகும். திரை உள்ளமைந்த கிராபிக்ஸில் நன்றாகவே ஓடுவதால் உங்களுக்கு எதுவும் தெரியாது. ஆனால் தூங்கவைக்க டிரைவர் இல்லாத அந்தச் சிப் விழித்தபடியே பல வாட்டைக் குடித்துக்கொண்டிருக்கும். அந்தச் சாதனத்தின் பவர் கோப்புறையில் 'ரன்டைம் ஸ்டேட்டஸ்' கோப்பைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 'சஸ்பெண்டெட்' என்று இருக்கவேண்டும். 'ஆக்டிவ்' என்றால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள்.

ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் டாப்பில் கேவொர்க்கர் (கர்னலின் பின்னணி வேலையாள்) என்ற பெயர் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தால் அது வேறு கதை. பெரும்பாலும் ஏதோ ஒரு வன்பொருள் நிகழ்வு நொடிக்கு ஆயிரக்கணக்கில் குறுக்கிட்டுக்கொண்டிருக்கும். சிஸ் கோப்புறையில் ஃபர்ம்வேர், ஏசிபிஐ, இன்டரப்ட்ஸ் என்று போனால் ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஓர் எண்ணிக்கை இருக்கும். எது மட்டும் தாறுமாறாக ஏறுகிறது என்று பார்த்தாலே போதும்.

சிபியு அதிர்வெண் பக்கம் ஒரு பொறி உண்டு. 6.5 கர்னலிலிருந்து, தகுதியுள்ள ஏஎம்டி சிப்களில் சிபியு வேகத்தை நிர்வகிக்கும் பி-ஸ்டேட் டிரைவர் 'ஆக்டிவ்' முறையில் தானாக இயங்குகிறது. அந்த முறையில் கவர்னர் (வேகத்தைத் தீர்மானிக்கும் கொள்கை) பெயர்கள் 'பெர்ஃபார்மன்ஸ்', 'பவர்சேவ்' இரண்டுதான். பழைய ஸ்கிரிப்ட் ஏதாவது 'ஆன்டிமாண்ட்' என்று எழுத முயன்றால் அது தோற்கும், நீங்கள் நினைத்த அமைப்பு நடைமுறைக்கு வராது. மின் சேமிப்பு நிரல்களான டிஎல்பி, பவர் புரொஃபைல்ஸ் டெமன் இரண்டையும் ஒரே மெஷினில் ஓடவிட்டிருந்தால் ஒன்றை நிறுத்துங்கள். ஒன்று எழுதியதை மற்றது அழித்துக்கொண்டிருக்கும்.

எல்லாம் சரியாக இருக்கிறது, சிபியுவும் சும்மா இருக்கிறது, ஆனாலும் வாட் குறையவில்லை என்றால், சிப் எவ்வளவு ஆழத் தூங்குகிறது என்று காட்டும் டர்போஸ்டாட். இன்டெல் சிப்களில் ஒவ்வொரு கோரும் தனித்தனியாகத் தூங்கினால் மட்டும் போதாது. முழுப் பேக்கேஜும் (சிப் மொத்தமும்) சேர்ந்து ஆழத் தூங்கவேண்டும். அதற்கு பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையில் தொங்கும் எல்லாச் சாதனங்களும் ஒத்துழைக்கவேண்டும். ஒரு எஸ்எஸ்டியோ கார்டு ரீடரோ தன் பாதையைத் தூங்கவிடாமல் வைத்திருந்தால் மொத்தச் சிப்பும் விழித்திருக்கும். பழைய கர்னலில் பேக்கேஜ் சி8 அல்லது சி10 வரை (எண் கூடக்கூடத் தூக்கம் ஆழம்) போன மெஷின், புதியதில் சி2, சி3 தாண்டவில்லை என்றால் அந்தப் பாதைகளில்தான் தேடவேண்டும். டர்போஸ்டாட்டை ரூட்டாக (நிர்வாகி உரிமையோடு) ஓட்டுங்கள். சிப்பின் மின் அளவைக் காட்டும் கோப்புகளை 2020இல் சாதாரணப் பயனருக்கு மூடிவிட்டார்கள், அந்த அளவுகளை வைத்தே ரகசியச் சாவிகளை ஊகிக்கலாம் என்று பிளாட்டிபஸ் தாக்குதல் காட்டியதால். டெஸ்க்டாப்பில் வாட் காட்டும் குட்டி நிரல் சுழியம் காட்டினால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இதற்காகக் கர்னல் தவறே செய்யாது என்று சொல்லவரவில்லை. 2011இல் வந்த 2.6.38 இதற்குப் பிரபலமான உதாரணம். பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் ஃபர்ம்வேர்) அட்டவணையில் ஏஎஸ்பிஎம் ஆதரவு இல்லை என்று எழுதியிருந்தால், பயாஸே ஏற்கனவே இயக்கிவைத்திருந்த மின் சேமிப்பையும் அந்தக் கர்னல் அணைத்துவிட்டது. பல லேப்டாப்களில் பேட்டரி நேரம் சுருங்கியது. பூட் அளவுருவில் ஏஎஸ்பிஎம்மைக் கட்டாயமாக்குவதுதான் அப்போதைய தற்காலிக வழி. அதற்கு மேத்யூ காரெட் எழுதிய திருத்தம் 3.3இல் சேர்ந்தது. அந்தக் கட்டாய அளவுருவை இன்றும் சிலர் மந்திரம்போல் பரிந்துரைக்கிறார்கள். சோதனைக்கு ஒருமுறை போட்டுப் பாருங்கள், நிரந்தரமாக வைக்காதீர்கள். ஒத்துவராத சாதனம் இருந்தால் மெஷின் உறைந்துபோகும்.

மூடி வைத்த லேப்டாப்தான் காலையில் காலியாக இருக்கிறது என்றால் மேலே சொன்ன எதுவும் வேண்டாம். சிஸ், பவர் கோப்புறையில் 'மெம் ஸ்லீப்' கோப்பைப் படியுங்கள். அடைப்புக்குறிக்குள் இருப்பதுதான் இப்போதைய தூக்க முறை. பழைய கர்னலில் 'டீப்' (ஆழ்ந்த தூக்கம்) இருந்து புதியதில் 'எஸ்2ஐடில்' (லேசான தூக்கம்) ஆகியிருந்தால் விடை கிடைத்துவிட்டது.

இவ்வளவுக்கும் சிக்காவிட்டால், எந்த மாற்றத்தில் கோளாறு வந்தது என்று தேடித்தரும் கிட் பைசெக்ட்தான். ஒரு பெரிய கர்னல் வெளியீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருக்கும். ஒவ்வொரு முறையும் பாதியாக வெட்டிக்கொண்டே போவதால் சுமார் பதினான்கு கம்பைலில் குற்றவாளியை எட்டிவிடலாம். இப்போது ஏற்றியிருக்கும் மாட்யூல்களை (கர்னலின் துணைப் பகுதிகளை) மட்டும் வைத்துக் கான்ஃபிக் செய்யும் லோக்கல்மாட்கான்ஃபிக் வசதியைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு கம்பைலும் வெகுவாகச் சுருங்கும். கண்டுபிடித்தால் தயங்காமல் புகார் எழுதுங்கள். மின் செலவு கணிசமாகக் கூடினால் அதுவும் பின்னடைவாகவே கருதப்படும் என்று கர்னல் ஆவணங்களே சொல்கின்றன. "பேட்டரி சீக்கிரம் தீர்கிறது" என்று எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பழையதில் இத்தனை வாட், புதியதில் இத்தனை வாட், இந்த மாற்றத்திலிருந்து என்று எழுதுங்கள்.

பைசெக்ட்டில் ஒரே ஒரு எச்சரிக்கை. அதே லேப்டாப்பில் கம்பைல் செய்தால், முடிந்த சூட்டோடு அளக்காதீர்கள். மின்விசிறியும் சூடேறிய சிப்பும் எண்ணை உயர்த்திக் காட்டும். நல்ல கர்னலைக் கெட்டது என்று குறித்துவிட்டால், அதற்குப்பின் செய்யும் எல்லாக் கம்பைலும் தவறான பாதியில்தான் போகும். விசிறி முழுவதும் அடங்கி, இன்னும் பத்து நிமிடம் போகட்டும்.